அனுமதியின்றிப் பழுது நீக்கியவர்

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய தெரு ஒன்றில், மழைக்காலத்தில் ஏரியே வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும் வரிசையில், மாணிக்கவேலின் வீடு இருந்தது. அந்த வீட்டுக் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஓர் ஆணி. ஆணிக்கு ஒரு சாண் மேலே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. பல்புக்குத் தனி ஒயர், தனி சுவிட்ச். சாமி படத்துக்கு மேலே இப்படி ஒரு பல்பு போடுவது ஊர் வழக்கம்தான். ஆனால் அந்த ஆணியில் சாமி படம் இல்லை. சாமிகள் எல்லாரும் சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், பல்பு இல்லாமலே அருள்பாலித்துக்கொண்டிருந்தார்கள். ஆணியில் எதுவுமே இல்லை. வெறும் ஆணிக்கு விளக்குப் போட்ட வீடு தாம்பரம் வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

அவன் மனைவி பொன்னி அந்த ஆணியில் பலமுறை குடியேற்றம் செய்து பார்த்தாள். நகைக்கடைக் காலண்டர், ரேஷன் பை, மீன் கூடைக்கான துணி. சாயங்காலம் மாணிக்கவேல் வந்ததும் அதை எடுத்து வேறு இடத்தில் மாட்டுவான்.

"அந்த ஆணி இன்னா உன் மாமியா வூட்டு சீதனமா? ஒரு பைய மாட்டக் கூடாதா?" என்பாள்.

"அது ரிசர்வ்டு" என்பான் மாணிக்கவேல்.

ரிசர்வ் செய்யப்பட்டிருந்தது ஒரு காகிதத்துக்கு. மின்பணி செய்யத் தகுதியுள்ளவர் என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கும் சான்றிதழ் அது. அதற்கான கண்ணாடிச் சட்டத்தை 1997-லேயே மேற்குத் தாம்பரத்தில் பக்தவச்சலம் கடையில் வாங்கிவிட்டான். அளவு எப்படித் தெரியும் என்றால், சேலையூர் கேம்ப் ரோட்டில் மின் கான்ட்ராக்டர் துரைராஜின் ஆபீஸில் அதே போன்ற சான்றிதழ் தொங்கியது. துரைராஜ் டீ சொல்ல வெளியே போன இரண்டு நிமிடத்தில் சாணால் அளந்துகொண்டான். நீளம் ஒன்றரைச் சாண், அகலம் ஒரு சாணும் மூன்று விரலும். அதற்கு மேலே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்ததையும் குறித்துக்கொண்டான். சட்டம் பதினோரு வருடமாகப் பரண்மேல், செய்தித்தாளில் சுற்றி, பிள்ளை பிறப்பதற்கு முன்பே வாங்கிய தொட்டில் மாதிரி கிடந்தது.

இந்தக் காகிதத்துக்கு ஒரு மனிதன் இவ்வளவு ஏங்குவானேன் என்று கேட்பவர்கள் சொந்த வீடு கட்டாதவர்கள். கட்டியவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஒயரிங் முடிந்ததும் கரண்ட் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். அதில், இந்த ஒயரிங்கைச் செய்தவன் நான்தான், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று உரிமம் உள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும். மாணிக்கவேல் இருபத்துநாலு வருடமாக ராஜகீழ்ப்பாக்கம், கோவிலம்பாக்கம், பெருங்களத்தூர் என்று பார்த்துப் பார்த்து வீடுகளுக்கு ஒயர் இழுத்தவன். சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, வெயிலில் மொட்டைமாடியில் குந்தி, ஒவ்வொரு அறைக்கும் நரம்பு ஓட்டியவன். கடைசி நாள் துரைராஜ் ஸ்கூட்டரில் வருவார். வண்டியை அணைக்க மாட்டார். சீட்டின் மேலேயே படிவத்தை வைத்து, "இந்த ஒயரிங் என்னால் செய்யப்பட்டது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். பேனாவை மாணிக்கவேலிடம் வாங்கிக்கொள்வார். அதைத் திருப்பிக் கொடுத்தது மட்டும் சரித்திரத்தில் இல்லை.

"அண்ணா, என் அனுபவத்துக்கு ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா நானும் பரீட்சைக்கு அப்ளை பண்ணுவேன்" என்று மாணிக்கவேல் 1992-ல் கேட்டான்.

"குடுக்காம எங்க போறேன்? அடுத்த மாசம் வா."

அந்த அடுத்த மாசம் பதினாறு வருடமாக வந்துகொண்டே இருந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு மாசம் இருந்தும் அது எந்தக் காலண்டரிலும் அகப்படவில்லை.

மாணிக்கவேல் பிறந்தது கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். குடும்பம் முழுக்கக் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் மூன்றாவது அலையைத் தாண்டியதும் காலையில் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். மாமன்மார்கள் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மீன்களுக்கு இரை போடத் தனியாக ஒரு ஆள் தேவையில்லை என்று கரையில் இறக்கிவிட்டார்கள். அந்த வருடம்தான் குப்பத்துக்குக் கரண்ட் கம்பம் வந்தது. கம்பத்தின்மேல் ஏறிய ஆளுக்குக் கீழிருந்து பிளையர் எடுத்துக் கொடுத்தவன் அப்படியே அவர்கள் பின்னால் தாம்பரம் வந்து சேர்ந்தான். பொன்னியும் அதே குப்பம்தான். கல்யாணத்துக்குப் பிறகு பெருங்களத்தூர் தெருக்களில் கூடை மீன் விற்றாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அது எப்போது கரைக்கு வந்தது, எத்தனை முறை ஐஸ் பார்த்தது என்பதைச் சொல்லிவிடுவாள். அவளிடம் யாரும் இதுவரை எந்தச் சான்றிதழும் கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மனைவி மேல் மாணிக்கவேலுக்கு லேசான பொறாமை உண்டு.

அவன் சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் டெஸ்டர் இருக்கும். அதற்குக் காரணம் அஞ்சம்மாள்.

1988-ல் கோவிலம்பாக்கத்தில் அஞ்சம்மாள் வீடுதான் அவன் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. கரண்ட் இரண்டு கம்பியில் வரும். ஒன்று கடிக்கும் கம்பி, அதற்கு ஃபேஸ் என்று பெயர். இன்னொன்று சாது, நியூட்ரல். சுவிட்சை எப்போதும் கடிக்கிற கம்பியில்தான் வைக்க வேண்டும். அவசரத்தில் அவன் சமையலறை விளக்குக்குச் சாது கம்பியில் வைத்துவிட்டான். இந்தத் தப்பின் விசேஷம், அது வெளியே தெரியாது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், நிறுத்தினால் அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் வாயைத் திறந்தபடி காத்திருக்கும். மூன்று மாதம் கழித்து அஞ்சம்மாள் சுவிட்சை நிறுத்திவிட்டு, முக்காலிமேல் ஏறி, பல்பை மாற்றக் கை வைத்தாள். தூக்கிப் போட்டது. இடது கை முறிந்தது.

காகிதப்படி அது துரைராஜ் செய்த ஒயரிங். துரைராஜ் யாரென்றே அந்த வீட்டாருக்கு முகம் தெரியாது. மாணிக்கவேல் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் ஸ்கூட்டர் சீட்டிலேயே முடிந்திருக்கும். அவன் போய், கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அஞ்சம்மாள் முன்னால் நின்று, "நான்தாம்மா செஞ்சேன். எம் பேரு மாணிக்கவேல்" என்றான். அஞ்சம்மாள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பிறகு மோர் கொடுத்தாள். அத்தனை வீடுகளில் அவன் பெயர் தெரிந்த வீடு அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து எந்த வீட்டை முடித்தாலும், எல்லா சுவிட்சையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பல்பாகக் கழற்றி, ஒவ்வொரு ஹோல்டரிலும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். டெஸ்டருக்குள் சிவப்பு மினுக்கினால் தப்பு. மினுக்காவிட்டால் சரி. தன் வீடு, பிறத்தியார் வீடு, சாப்பிடப் போன கல்யாண மண்டபம் என்ற பேதமெல்லாம் கிடையாது. பொன்னியின் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் மாப்பிள்ளை அறையில் முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தான் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

2008-ல் ஒரு திட்டம் வந்தது. படிப்பு வேண்டாம், அனுபவக் கடிதம் வேண்டாம், திறன் இருந்தால் போதும், அரசே சோதித்துச் சான்றிதழ் தரும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மாணிக்கவேல் அன்றே பரணிலிருந்து சட்டத்தை இறக்கித் தூசி தட்டினான். மறுநாள் பயிற்சி நிலையத்துக்குப் போனபோதுதான் மீதி விவரம் தெரிந்தது. திறன் இருந்தால் போதும். ஆனால் அந்தத் திறனை அரசிடமிருந்து பெற்றிருக்க வேண்டும். முன்பே சொந்தமாக வைத்திருக்கும் திறன் கணக்கில் வராது. முப்பது நாள் வகுப்பு. வகுப்பில் ஏழு பேர், எல்லாருமே தலை நரைக்கத் தொடங்கிய ஒயர்மேன்கள்.

பயிற்றுநர் சாம்பசிவன். ராஜகீழ்ப்பாக்கத்தில் சொந்த வீடு, மடிப்புக் கலையாத சட்டை, யாரையும் வா போ என்று பேசாத நல்ல மனிதர். டிப்ளமோ முடித்த நாளிலிருந்து மின்சாரத்தைப் புத்தகத்தில் மட்டுமே சந்தித்து வந்தார். அவருக்கும் மின்சாரத்துக்கும் நடுவே மனஸ்தாபம் எதுவும் இல்லை.

மேலிடத்திலிருந்து ஒரு தடிமனான பதிவேடு வந்திருந்தது. ஒயர்மேன் என்பவனை அறுபத்துமூன்று திறன்களாகப் பிரித்து அதில் வரிசையாக எழுதியிருந்தார்கள். திறன் ஒன்று: திருப்புளியை அடையாளம் காணுதல். திறன் இரண்டு: திருப்புளியின் தலைப் பகுதியையும் வால் பகுதியையும் வேறுபடுத்துதல். ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு கட்டம். 'எட்டினார்', 'இன்னும் எட்டவில்லை'. இருபத்துநாலு வருடமாக டெஸ்டர் பிடித்த மாணிக்கவேலுக்கு, திறன் ஒன்பதில், டெஸ்டர் பிடிக்கும் முறையில், 'இன்னும் எட்டவில்லை' கிடைத்தது. புத்தகப் படத்தில் ஆள்காட்டி விரல் மேலே இருந்தது. இவன் கட்டை விரலை வைத்தான்.

"சார், கட்டை வெரல வெச்சாலும் அது எரியத்தான சார் செய்யுது?"

"எரியுது, இல்லேன்னு சொல்லல. படத்துல எப்படி இருக்கோ அப்படிப் பிடிச்சு எரிஞ்சாதான் நான் டிக் பண்ண முடியும்."

கோவிலம்பாக்கத்துச் சிட்டிபாபு பக்கத்திலிருந்து முணுமுணுத்தான்: "பேஜாரா கீதுபா. நாளைக்கு மூச்சு வுடறதுக்கு ஒரு நம்பர் போடுவானுங்க."

பதினைந்தாம் நாள் சாம்பசிவன் தயங்கித் தயங்கி மாணிக்கவேலைத் தனியே அழைத்தார். வீட்டில் ஃபேன் மெதுவாகத்தான் சுற்றுகிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா? மாணிக்கவேல் போனான். பத்து நிமிடத்தில் ரெகுலேட்டரைச் சரி செய்தான். வழக்கம்போல எல்லா ஹோல்டரிலும் டெஸ்டரை விட்டுப் பார்த்தான். சாம்பசிவனின் மனைவி ரமா காபி கொடுத்து, "ஆறு மாசமா சொல்லிண்டிருக்கேன், இவருக்கே தெரியும்னு பார்த்தா புஸ்தகத்தைப் புரட்டறார்" என்றாள். சாம்பசிவன் புதுக் காற்றில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் வகுப்பில் திறன் முப்பத்தொன்று, மின்விசிறி ரெகுலேட்டர் பழுது நீக்கம். நிலையத்தில் ரெகுலேட்டர் சப்ளை ஆகவில்லை. சாம்பசிவன் தலையைக் குனிந்துகொண்டே மாணிக்கவேல் பெயருக்கு நேரே 'இன்னும் எட்டவில்லை' என்று டிக் செய்தார்.

"உங்க வூட்லயே செஞ்சேனே சார்."

"அது நிலையத்துக்கு வெளிய. வெளிய பண்ணினதைக் காட்ட இதுல கட்டம் இல்ல மாணிக்கவேல்."

எப்படியோ ஐம்பத்தெட்டுத் திறன்களை எட்டி, கடைசித் தேர்வுக்கு வந்து சேர்ந்தான். மரப்பலகை ஒன்றில் ஒயரிங் செய்து, அதில் வேண்டுமென்றே ஒரு பழுதை ஒளித்து வைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் சான்றிதழ்.

தேர்வு நாளன்று பொன்னி அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். பத்து மணித் தேர்வுக்கு எட்டு மணிக்கே போய்விட்டான். ஹாலில் சுத்தம் செய்யும் பேபி மட்டும் இருந்தாள்.

"இன்னா அண்ணா, ஆபீசரெல்லாம் தூங்கிகினு இருப்பாங்க, நீ அதுக்குள்ள வந்துட்ட? உள்ள உக்காரு, தொட்ச்சிட்டுப் போயிடறேன்."

ஹாலில் ஐந்து பலகைகள் சுவரில் மாட்டியிருந்தன. மூன்று பலகை ஓடாது, ஒன்று திருட்டுப் போய்ச் சட்டம் மட்டும் இருந்தது. உயிரோடிருந்தது நாலாம் பலகை. பேபி அதன் சுவிட்சை நிறுத்தி, பல்பைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கெட்டில் துணியை நனைத்துப் பிழிந்து, ஹோல்டர் பக்கம் கையைக் கொண்டு போனாள்.

"இரு, இரு, இரு!"

மாணிக்கவேலின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. ஹோல்டரில் டெஸ்டரை வைத்தான். சிவப்பாக மினுக்கியது. சுவிட்ச் நிறுத்தித்தான் இருந்தது. அவனுக்கு அந்தக் கணத்தில் தேர்வும் இல்லை, திறனும் இல்லை. முக்காலியும் அஞ்சம்மாளின் இடது கையும்தான் கண்முன் நின்றன.

"எந்தக் கம்னாட்டி இத்த செஞ்சான்?" என்று பல்லைக் கடித்தான். மெயினை அணைத்தான். இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கம்பிகளை மாற்றிச் சொருகி, இறுக்கினான். மெயினைப் போட்டு, மறுபடி டெஸ்டர் வைத்தான். மினுக்கவில்லை.

"இப்ப தொட. ஆனா ஈரத்துணி வோணாம், காஞ்ச துணில தொட."

நல்ல காரியம் செய்த திருப்தியில் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, பத்து மணி நெருங்கும்போது ஒரு டீ குடித்தான். டீ பாதி இறங்கும் வரை அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. பாதிக்குக் கீழே இறங்கும்போது உறைத்தது. மீதி டீயைக் குடிக்கவில்லை.

திரும்பி ஓடினான். ஹால் கதவைச் சாத்தியாயிற்று. சாம்பசிவன் உள்ளே, மேஜைமேல் சீல் வைத்த உறையோடு. ஏழு பேரில் மாணிக்கவேல் கடைசி எண்.

முதலில் சிட்டிபாபு போனான். ஐந்து நிமிடத்தில் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான்.

"ஒன்னுமே இல்ல மச்சான். நல்லா தேடிட்டேன். எல்லாம் கரீட்டா கீது. கரீட்டா கீது சார்னேன். அந்தாளு பேப்பரப் பாத்தாரு, சைபர் போட்டாரு."

இரண்டாவது ஆளுக்கும் சைபர். மூன்றாவது ஆள் ஃபியூஸ் லூஸ் என்று குத்துமதிப்பாகச் சொல்லிப் பார்த்தான், சைபர். வராந்தாவில் ஒவ்வொருவராக வந்து, தூணுக்கு ஒரு ஆளாகச் சாய்ந்தார்கள். மாணிக்கவேல் இரண்டு முறை ஒன்றுக்குப் போய்விட்டு வந்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாம்பசிவன் பலகையைப் பார்க்கப் போவதில்லை. உறையிலிருந்து எடுத்த விடைத்தாளைத்தான் பார்ப்பார். அதில் 'நியூட்ரலில் சுவிட்ச்' என்று இருக்கிறது. உள்ளே போய் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் போதும். முத்திரை, சான்றிதழ், ஆணி, பல்பு. இனிமேல் எந்த ஸ்கூட்டருக்காகவும் தெருமுனையில் காத்து நிற்க வேண்டாம். தன் பேனாவால், தன் பெயரை, தானே எழுதலாம்.

அந்தக் கையெழுத்தை அவன் பல வருடமாகச் சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் எழுதிப் பழகி வைத்திருந்தான். மாணிக்கவேல் என்று எழுதி, கடைசி எழுத்தின் வாலை இழுத்து, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. எந்த வங்கியும் கேட்காத, எந்தப் படிவமும் பார்க்காத கையெழுத்து.

"மாணிக்கவேல்!"

உள்ளே போனான். நாலாம் பலகை குற்றமற்ற முகத்தோடு நின்றது.

"சொல்லுங்க, இதுல என்ன பழுது?" என்றார் சாம்பசிவன். அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஆறு சைபர் போட்ட கை, ஒரு நல்ல மதிப்பெண்ணுக்குத் தவித்தது.

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மாணிக்கவேல் வாயைத் திறந்தான். வராந்தாவில் சிட்டிபாபு மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"பழுது இப்ப இல்ல சார். காலைல இருந்துச்சு."

"என்னது?"

"நியூட்ரல்ல சுவிட்சு இருந்துச்சு. அந்தப் பேபி ஈரத்துணியோட கைய வெக்கப் போச்சு. நாந்தான் மாத்திட்டேன். மறந்து பூட்டேன் சார், இது பரீட்சன்றது."

சாம்பசிவன் எழுந்தார். பலகைக்குப் பக்கத்தில் போய், பாக்கெட்டைத் தடவினார். டெஸ்டர் இல்லை. கையை நீட்டினார். மாணிக்கவேல் தன்னுடையதைக் கொடுத்தான். சாம்பசிவன் சுவிட்சை நிறுத்தி, பல்பைக் கழற்றி, ஆள்காட்டி விரலை முறைப்படி மேலே வைத்து, ஹோல்டரில் வைத்துப் பார்த்தார். மினுக்கவில்லை. பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாணிக்கவேல், நீங்க மத்தபடி சொன்னது எதுவும் என் காதுல விழல. 'நியூட்ரல்ல சுவிட்ச்'னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் விழுந்தது. அது கரெக்ட் ஆன்சர். டிக் பண்ணிடறேன். நீங்க போகலாம்."

"அவங்க ஆறு பேரு சார்?"

"அவங்க ஆன்சர் தப்பு."

"போர்டுல இருக்கறதத்தான சார் சொன்னாங்க?"

"போர்டுல இருக்கறது வேற, பேப்பர்ல இருக்கறது வேற. நான் பேப்பரைத்தான் திருத்த முடியும்." சாம்பசிவன் நெற்றியைத் துடைத்தார். "அவங்களுக்கு மறுபடி டெஸ்ட் வைக்கணும்னா, பலகையில என்ன ஆச்சு, யார் பண்ணினாங்கன்னு நான் ரிப்போர்ட் எழுதணும். ரிப்போர்ட்ல ஒரு பேர் வேணும். அந்தப் பேருக்கு இந்த வருஷம் சர்ட்டிபிகேட் வராது. இன்னும் எத்தனை வருஷம்னு மேல இருக்கறவங்க சொல்வாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மாணிக்கவேல் யோசித்தான். யோசித்தது என்று சொல்வது மரியாதைக்காக. உண்மையில் அவன் அந்த விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் அடியில் கோபுர முத்திரை, ஊதா மசியில், லேசாகக் கலைந்திருந்தது. எவ்வளவு கிட்டத்தில் இருந்தது!

"எம் பேர எழுதுங்க சார்" என்றான். "நியூட்ரல்ல கடைசில ஒரு 'ல்' வரும், எம் பேர்லயும் கடைசில 'ல்' வரும். சில பேரு 'வேலு'ன்னு எழுதிடறாங்க. வேல்."

சாம்பசிவன் எழுதினார். எழுதி முடித்தபின் அவருக்கு இன்னொரு சங்கடம் வந்தது. மறுதேர்வு வைக்கப் பலகையில் பழுது வேண்டும். பழுது வைக்கும் ஸ்டோர்கீப்பர் மெடிக்கல் லீவில் இருந்தார். பழுது எப்படி வைப்பது என்பது சாம்பசிவனின் புத்தகத்தில் இல்லை. எப்படி எடுப்பது என்பது மட்டும்தான் இருந்தது.

"நீங்களே… அதைப் பழையபடி பண்ணித் தர முடியுமா?"

இருபது வருடமாக எந்தத் தப்பைத் தேடித் தேடி அழித்தானோ, அதைத் தன் கையாலேயே செய்து கொடுக்கும்படி அரசாங்கம் பணிவோடு கேட்டுக்கொண்டது. மாணிக்கவேல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். இரண்டு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் ஆனது. முடித்ததும் அவனால் அங்கிருந்து நகர முடியவில்லை. மேஜைமேல் கிடந்த சாக்பீஸை எடுத்து, பலகைக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினான்: 'சுவிட்ச் ஆஃப் செய்தாலும் ஹோல்டரில் கரண்ட் உண்டு. தொடாதே.'

"என்ன மாணிக்கவேல் இது? விடையையே எழுதி வச்சுட்டீங்களே!"

"யாராவது கைய வெச்சிட்டா சார்?"

சாம்பசிவன் பதிவேட்டைப் புரட்டினார். திறன் ஏழு: அபாயமுள்ள இடத்தில் எச்சரிக்கை வாசகம் எழுதி வைத்தல். எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. வாசகத்தை அழிப்பதற்குத் தனியாக எந்தத் திறனும் இல்லை. அவர் நாற்காலியைத் திருப்பி, ஜன்னலைப் பார்க்கப் போட்டுக்கொண்டார்.

ஆறு பேரும் தேறினார்கள். சிட்டிபாபு வெளியே வந்து மாணிக்கவேலைக் கட்டிப்பிடித்து, "உனுக்கு இன்னா போட்டாரு மச்சான்?" என்று கேட்டான்.

"எனுக்கு தனியா வரும்" என்றான் மாணிக்கவேல்.

தனியாகத்தான் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில், அரைத்தாளில், முத்திரையோடு வந்தது. பொன்னி மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். சாயங்காலம் மாணிக்கவேல் வாசலில் நின்றபடியே வாசித்தான்:

'மேற்படி தேர்வர் திரு. மாணிக்கவேல் அவர்கள், தேர்வு தொடங்குவதற்கு முன்பாகவே, எவ்வித அனுமதியுமின்றி, நான்காம் எண் பலகையில் இருந்த பழுதைத் தாமாகவே கண்டறிந்து, அதனை முழுமையாக நீக்கியுள்ளார் என்பது விசாரணையில் ஐயத்திற்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. எனவே அவர் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்வில் கலந்துகொள்ளத் தகுதியற்றவர் என இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.'

"சத்தமா படி" என்றாள் பொன்னி.

படித்தான். முதல் வாக்கியம் முடிந்ததும் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னொரு தபா அதையே படி."

படித்தான்.

"இன்னாய்யா சொல்றான்? பழுத நீயா கண்டுபுடிச்ச, முழுசா சரி பண்ட்டன்றான். சீலு கீதா?"

"கீது."

"கையெழுத்து?"

"மூணு கீது."

"அப்பறம் இன்னா? இத்தான கேட்டுகினு இருந்த?"

"இது அது இல்ல பொன்னி" என்றான். கொஞ்ச நேரம் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு பொன்னி ஒரு வாரம் அந்த ஆணியில் ரேஷன் பையும் மாட்டவில்லை.

எட்டாம் நாள் காகிதத்தையும் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு அவளே பக்தவச்சலம் கடைக்குப் போனாள். மாணிக்கவேல் வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே போனான். பக்தவச்சலம் அரைத்தாளைச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார்.

"சட்டம் பெருசு, பேப்பர் சின்னதும்மா. சுத்தி எவ்ளோ வெறும் எடம் நிக்குது பாருங்க. சட்டத்த அறுத்துக் கொறைச்சுத் தரட்டுமா?"

"அறுக்காதீங்க!" என்றான் மாணிக்கவேல். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு.

"சரி, அப்ப நடுவுல ஒட்டிடறேன்."

"நடுவுல வோணாம் அண்ணா. ஓரமா, கீழ வைங்க. மேல எடம் இருக்கட்டும்."

இப்போது அந்தச் சட்டம் ஆணியில் தொங்குகிறது. கீழ் மூலையில் அரைத்தாள், மேலே வெள்ளை அட்டை. வருகிறவர்கள் முத்திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், யாரும் வாசிப்பதில்லை. துரைராஜின் ஸ்கூட்டர் இன்னும் ஓடுகிறது, இன்னும் பேனாவோடு போகிறது. சாயங்காலம் மாணிக்கவேல் வந்ததும் ஜீரோ வாட்ஸ் பல்பைப் போடுவான். அது மேலிருந்து எரிவதால் வெளிச்சம் முதலில் அந்த வெறும் இடத்தில்தான் விழும். கீழே காகிதத்துக்கு வருவதற்குள் மங்கிவிடும்.

"காலி எடத்துக்கு லைட்டு போட்டுகினு கீறியே, இன்னும் எத்தினி நாளு?" என்பாள் பொன்னி.

"ஒரு வருசம், ஏழு மாசம்" என்பான். மறுநாள் கேட்டாலும் சரியாகச் சொல்வான்.

படுக்கப் போகுமுன் சுவிட்சை நிறுத்துவான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பல்பைக் கழற்றி, கட்டை விரலை வைத்து, ஹோல்டரில் டெஸ்டரை விட்டுப் பார்ப்பான். அவனே போட்ட லைன்தான். ஆனாலும் பார்ப்பான்.